எர்த் இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்கருவிகளை ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிரைண்டர், ட்ரில்லிங் மெஷின், டைல்ஸ் கட்டர் என்று கையில் பிடித்து வேலை செய்யும் மின்கருவிகளைப் பற்றி மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. புது ட்ரில்லிங் மெஷின் வாங்கினால் இரண்டு பின் ப்ளக்தான் இருக்கிறது. எர்த்தே இல்லாமல் எப்படி விற்கிறார்கள்?
2. வீட்டில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறது, எர்த் குழியும் இருக்கிறது. அப்படியும் ஷாக் அடித்து ஆள் செத்துப்போகிறாரே, எப்படி?
3. சுவர் ப்ளக்கில் நன்றாக ஓடும் மெஷின், நீளமான ஒயர் போட்டதும் ஏன் திணறுகிறது?

மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. எர்த் கம்பி தனியாக யாரையும் காப்பாற்றுவதில்லை. கருவியின் உலோக உடம்பில் கரண்ட் ஏறும் கோளாறு வரும்போது அதன் வழியாகப் போதுமான கரண்ட் ஓட வேண்டும்; அதை உணர்ந்து ஏதாவது ஒரு சுவிட்ச் உடனே விழ வேண்டும், அதாவது தானாக அணைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் ஒயர் என்பது இந்த இரண்டையும் சத்தமில்லாமல் கெடுக்கக்கூடிய இடம்.

## மூன்று கம்பிகள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஃபேஸ் கம்பியில் வரும் கரண்ட், கருவிக்குள் வேலை செய்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. எர்த் கம்பியில் சாதாரண நேரத்தில் கரண்ட் ஓடக் கூடாது. கருவியின் உலோக உடம்பைத் தரையோடு இணைத்து வைப்பது மட்டுமே அதன் வேலை.

ஃபேஸை மட்டும் தொட்டாலே ஏன் ஷாக் அடிக்கிறது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலைத் தரையோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் தரையும் சுற்றின் ஒரு பகுதி. தரையில் நின்றுகொண்டு ஃபேஸைத் தொடுபவர், அந்தச் சுற்றை முடித்துவைக்கிறார்.

கம்பிகளின் நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. இப்போது வரும் கருவி ஒயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஆனால் நம் ஊர்க் கட்டட ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மும்முனை ஃபேஸ்கள், கறுப்புதான் நியூட்ரல். ஆக, ஓரிடத்தில் நீலம் நியூட்ரல், இன்னோரிடத்தில் அதே நீலம் 230 வோல்ட். புது ப்ளக் மாட்டும்போது நிறத்தை மட்டும் நம்பி இணைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். சொருகும்போது முதலில் எர்த் சேரவும், பிடுங்கும்போது கடைசியாக விலகவும் நீளம். தவறிக்கூட ஃபேஸ் ஓட்டைக்குள் நுழைந்துவிடாதிருக்கத் தடிமன்.

## உடம்புக்கு எவ்வளவு, எம்சிபிக்கு எவ்வளவு

உடம்பைப் பொறுத்தவரை கணக்கு மில்லி ஆம்பியரில் நடக்கிறது. கை வழியாக ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு குலையும் ஆபத்து. வியர்வையிலோ ஈரத்திலோ இருக்கும் உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர்.

எம்சிபியின் கணக்கோ முழு ஆம்பியரில். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர் வரை தாராளமாக விடும் சுவிட்ச். ஒருவர் உடம்பில் 230 மில்லி ஆம்பியர் ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு பழைய குண்டு பல்பு எரிகிறது என்ற அளவில்தான் அது எடுத்துக்கொள்ளும். எம்சிபி ஒயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற வந்ததல்ல.

## எர்த் குழி இருந்தும் எம்சிபி விழாத கதை

சரி, எர்த் இருக்கிறதே, கோளாறு வந்தால் அதன் வழியாகப் பெரிய கரண்ட் ஓடி எம்சிபி விழுந்துவிடாதா? நிறையப் பேர் நம்பியிருப்பது இதைத்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் மின்வாரியத்திலிருந்து எர்த் கம்பி வருவதில்லை. வீட்டுக்காரர் தோண்டிய குழிதான் எர்த். அதாவது கோளாறுக் கரண்ட் வீட்டுக் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தில் ஏறித் திரும்ப வேண்டும். வீட்டுக் குழியின் தடை 8 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்று வைப்போம். வீட்டு எர்த் என்ற அளவில் 8 ஓம் மோசமில்லை.

மொத்தம் 10 ஓம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர்.

வீடுகளில் போடும் சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ வேண்டுமானால், அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை ஓட வேண்டும். 23 ஆம்பியர் என்பது ஏறக்குறைய 1.44 மடங்கு. எம்சிபிக்கான தரநிலையோ, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்கிறது. ஆக, இந்த வீட்டில் கோளாறு வந்தபின் ஒரு மணி நேரம் எம்சிபி நிமிர்ந்தே நிற்கலாம். அவ்வளவு நேரமும் கருவியின் உலோக உடம்பில் என்ன இருக்கும்? 23 ஆம்பியர், 8 ஓம்: 184 வோல்ட்.

சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறை நிலத்திலும், கோடையில் காய்ந்துபோன குழியிலும் 8 ஓம் என்பதே ஆசை. தடை கூடக்கூட கரண்ட் குறையும். எம்சிபி விழும் வாய்ப்பும் குறையும்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்தில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடியதால் அது வேலையும் செய்தது. பிறகு பிளம்பர் வந்து பிவிசி குழாய் மாற்றினார். எர்த் அன்றைக்கே போய்விட்டது. கம்பி மட்டும் சுவரில் பத்திரமாக இருக்கிறது.

### பல்பு வைத்துப் பார்த்தால் போதுமா?

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 100 வாட் குண்டு பல்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைப்பது வழக்கம். பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது என்று தீர்ப்பு.

எரியும்போது அந்தப் பல்பின் தடை 529 ஓம். எர்த் தடை 50 ஓம் இருந்தாலும் மொத்தம் 579 ஓம்; பல்பில் ஓடும் கரண்ட் 0.43 ஆம்பியரிலிருந்து 0.40க்குத்தான் குறையும். பார்க்கிற கண்ணுக்கு அது லேசான மங்கல்தான். ஆனால் 50 ஓம் எர்த்தில் உண்மையான கோளாறு வந்தால் ஓடப்போவது வெறும் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி நாள் முழுக்க விழாது. பல்பு எரிந்ததற்கு அர்த்தம், கம்பி எங்கேயோ மண்ணைத் தொடுகிறது என்பது மட்டும்தான். எரியவில்லை என்றால் எர்த் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எரிந்தது என்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதிலும், அறுந்துபோன எர்த்தில் இந்தச் சோதனையைச் செய்தால், அந்தக் கம்பியோடு இணைந்திருக்கும் எல்லா உலோக உடம்புக்கும் பல்பு வழியாக ஃபேஸ் ஏறிவிடும்.

## ஆர்சிசிபி: ஆளுக்கான சுவிட்ச்

எலக்ட்ரீஷியன்களில் பலர் இன்னும் ஈஎல்சிபி என்ற பழைய பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் இப்போது கடையில் கிடைப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று இது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், எங்கேயோ தரைக்கு ஒழுகுகிறது என்று பொருள், உடனே விழும்.

ஆளைக் காக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு ஒழுகினால் 0.3 நொடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியர் ஒழுகினால் 0.04 நொடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது விதி. கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்கப் போடுபவை. விலையையும் ஆம்பியரையும் மட்டும் பார்த்து வாங்கினால் இதில் ஏமாறலாம், முகப்பில் 0.03 ஏ அல்லது 30 எம்ஏ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே பார்த்த எர்த் கணக்கை இது தலைகீழாக்கிவிடுகிறது. உலோக உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் இருந்தால் போதும் என்று கொண்டால், 50ஐ 0.03ஆல் வகுக்க 1667 ஓம். அதாவது எர்த் குழி படுமோசமாக, சில நூறு ஓமில் இருந்தாலும் ஆர்சிசிபி விழுந்துவிடும். மண் எர்த்தை நம்பியிருக்கும் நம் வீடுகளுக்கு ஆர்சிசிபி ஆடம்பரப் பொருளல்ல. எர்த் குழிக்கு அர்த்தம் வருவதே அது இருந்தால்தான்.

எர்த் அறுந்திருந்தால்? அப்போதும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஒரு வித்தியாசத்தோடு. எர்த் நன்றாக இருந்தால் கோளாறு வந்த கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால், ஒருவர் தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடிய பிறகுதான் விழும். ஷாக் அடிக்கும், ஆனால் ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும்.

இதன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தால் அது விழாமல் போகலாம். அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு பல்புதான். ஓவர்லோடுக்கும் விழாது, அதற்கு எம்சிபி தனியாக வேண்டும். மேலே இருக்கும் டெஸ்ட் பட்டன் ஆர்சிசிபியின் உறுப்புகள் இயங்குகின்றனவா என்பதைத்தான் காட்டும், எர்த் நல்லதா என்பதைக் காட்டாது. ஆனாலும் மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொள்வதுண்டு.

## இரண்டு பின் மெஷினுக்கு எர்த் ஏன் இல்லை?

கருவியின் பெயர்ப்பட்டையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கருவி. உள்ளே ஒரு காப்பு உடைந்தாலும், கையில் படும் பகுதிக்குக் கரண்ட் வராதபடி இரண்டாவது காப்பு வைத்துச் செய்தது. தெரிந்த பிராண்டுகளின் கை ட்ரில், 4 அங்குல கிரைண்டர், மார்பிள் கட்டர் பெரும்பாலும் இந்த ரகம். இவற்றுக்கு எர்த் தேவையில்லை. நாமாக எர்த் கொடுக்கவும் கூடாது.

அந்தச் சதுரம் இல்லாமல் உலோக உடம்போடு வருபவை எர்த் தேவைப்படும் ரகம்: பெஞ்ச் கிரைண்டர், கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார், கான்கிரீட் வைப்ரேட்டர், வெல்டிங் செட், உள்ளூரில் அசெம்பிள் செய்த பாலிஷ் மெஷின். இவற்றை இரண்டு பின் ப்ளக்கில் ஓட்டுவது, உலோக உடம்புக்கும் ஃபேஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஒரு காப்பின் மேல் உயிரை வைப்பதற்குச் சமம்.

இரட்டை இன்சுலேஷனும் வரம்பில்லாத கவசம் அல்ல. மூன்று இடங்களில் அது தோற்கும்.

1. தண்ணீர். கல்லையும் டைல்ஸையும் தண்ணீர் ஊற்றி அறுக்கும்போது அந்தச் சேறு காற்றுத் துவாரம் வழியாக உள்ளே போனால், இரண்டு காப்பையும் தாண்டி வெளியே ஒரு பாதை கிடைத்துவிடும்.
2. தூசி. இரும்பு அரைக்கும் தூளும், கார்பன் பிரஷ் தேய்ந்த தூளும் கரண்டைக் கடத்துபவை. மாதக்கணக்கில் உள்ளே படிந்தால் காப்பின் மேலேயே பாலம் கட்டும். பிரஷ் மாற்றும்போது உள்ளே ஊதிச் சுத்தம் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.
3. சுவருக்குள் ஒயர். ட்ரில் பிட் சுவருக்குள் ஓடும் ஃபேஸைத் தொட்டால், கோளாறு கருவிக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது. பிட், அதைப் பிடித்திருக்கும் சக், அதை ஒட்டிய உலோகத் தலை எல்லாம் 230 வோல்ட் ஆகிவிடலாம். பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்திருந்தால் தப்பிக்கலாம். அழுத்தம் கொடுக்க உலோகத் தலையில் கை வைத்துப் பிடிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று: இரண்டு பின் ப்ளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம். அதனால் சுவிட்ச் ஃபேஸைத் துண்டிக்கிறதா நியூட்ரலைத் துண்டிக்கிறதா என்பதற்கு உத்தரவாதமில்லை. டிஸ்க் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

## எக்ஸ்டென்ஷன் ஒயர் கெடுக்கும் வழிகள்

### எர்த் வழியில் அறுந்துபோவது

கருவி மூன்று பின், சுவர் ப்ளக்கும் மூன்று பின். நடுவில் இருக்கும் ஒயர் இரண்டு கோர் (உள்ளே இரண்டே கம்பி) என்றால் எர்த் அங்கேயே முடிந்தது. மூன்று பின் ப்ளக் டாப்பை மாட்டி, உள்ளே எர்த் முனையைக் காலியாக விட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸுகள் ஊரில் ஏராளம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மெஷினும் அருமையாக ஓடும். எர்த் இல்லாதது எர்த் தேவைப்படும் அந்த ஒரு நொடியில்தான் தெரியவரும்.

இதைவிட மோசமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. எர்த் அறுந்த ஒரு பாக்ஸில் வைப்ரேட்டர், பாலிஷ் மெஷின், பெஞ்ச் கிரைண்டர் மூன்றையும் சொருகியிருப்பதாக வைப்போம். பாக்ஸுக்குள் மூன்றின் எர்த் முனைகளும் ஒரே பட்டையில் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பட்டை மட்டும் தரைக்குப் போகவில்லை. இப்போது வைப்ரேட்டரில் ஃபேஸ் உடம்பைத் தொட்டால், பட்டை வழியாக மற்ற இரண்டு மெஷினின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறும். ஒரு கோளாறும் இல்லாத கிரைண்டரைப் பிடித்தவர் விழுவார். விபத்துக்குப் பிறகு அந்தக் கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தால் அதில் குறையே இருக்காது. இரட்டை இன்சுலேஷன் கருவிக்கு எர்த் கொடுக்காதீர்கள் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்: யாரோ ஒருவர் மெஷினின் கோளாறை உங்கள் கைக்குக் கொண்டுவரும் வழியாக அந்தக் கம்பி மாறிவிடும்.

### குறுக்கு வழி எர்த்

எர்த் கிடைக்காத இடத்தில், ப்ளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடுவது ஒரு பழக்கம். நியூட்ரலும் கடைசியில் தரைக்குத்தானே போகிறது என்று நியாயம் சொல்வார்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை அது ஓடும். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேஸிலிருந்து மோட்டார் சுருள் வழியாக வரும் கரண்டுக்குத் திரும்ப வழியில்லாமல், முழு 230 வோல்ட்டும் கருவியின் உடம்பில் நிற்கும். சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஓடவில்லையே என்று ஒருவர் அதைத் தொட்டுப் பார்ப்பார். இதில் கருவி பழுதாகவே வேண்டாம். ஒரு லூஸ் காண்டாக்ட் போதும்.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. நியூட்ரல் வராத இடத்தில் ஃபேஸை மட்டும் எடுத்து, மறுமுனைக்கு எர்த் கம்பியைக் கொடுத்து மெஷினை ஓட்டுவது. வேலை முடியும்வரை எர்த் குழி, அதைச் சுற்றியுள்ள ஈர மண், அதோடு சேர்ந்த குழாய்கள் எல்லாம் கரண்டோடு இருக்கும். பக்கத்துப் போர்ஷனில் குழாயைத் திறப்பவருக்குச் சுள்ளென்று அடித்தால் அவருக்குக் காரணமே புரியாது.

### மெல்லிய ஒயர், நீள ஒயர்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஒயருக்கும் தடை உண்டு. நெளியும் காப்பர் ஒயரில் ஒரு மீட்டருக்கு 0.75 சதுர மில்லிமீட்டரில் 26 மில்லி ஓம், 1 சதுரத்தில் 19.5, 1.5இல் 13.3, 2.5இல் 8, 4இல் 5 என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போய் வர வேண்டும் என்பதால் நீளத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

2200 வாட் கட்டிங் மெஷின் எடுக்கும் கரண்ட் 9.6 ஆம்பியர். 30 மீட்டர் 0.75 ஒயரில் தடை 1.56 ஓம், வழியில் தொலைவது 15 வோல்ட். அதே நீளம் 2.5 ஒயரில் 5 வோல்ட்டுக்கும் குறைவு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்டை இழுக்கும். அப்போது மெல்லிய ஒயரில் 50, 60 வோல்ட் கூடத் தொலையலாம். கிராமப்புறத்தில் மாலை நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே 200க்குக் கீழே இறங்கியிருந்தால், மெஷின் உறுமிக்கொண்டு நிற்கும்.

வேகம் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். கிரைண்டர், ட்ரில் போன்ற பிரஷ் மோட்டார்களைக் குளிர்விப்பது அதே தண்டில் சுழலும் விசிறிதான். வேகம் குறைந்தால் காற்றும் குறையும். ஆள் இன்னும் அழுத்துவார், கரண்ட் கூடும், மோட்டாருக்குள் சுழலும் சுருளான ஆர்மேச்சர் கருகும். தண்ணீர் மோட்டார், பெஞ்ச் கிரைண்டர் போன்ற பிரஷ் இல்லாத மோட்டார்கள் குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்டை இழுத்துச் சுருளை எரித்துக்கொள்ளும்.

மெல்லிய ஒயரால் பாதுகாப்பும் போகிறது. எர்த் மிக நன்றாக, தடையே இல்லாமல் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலேயே பார்ப்போம். 30 மீட்டர் 0.75 ஒயரில் ஃபேஸும் எர்த்தும் சேர்ந்து 1.56 ஓம். கோளாறு வந்தால் அதிகபட்சம் 147 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவதை உறுதிசெய்ய 160 வேண்டும். எர்த் குழிக்கு எவ்வளவு செலவழித்திருந்தாலும், கடைசி 30 மீட்டரில் வாங்கிய மலிவு ஒயர் அதைக் கழித்துவிடுகிறது.

### சுருட்டியபடியே ஓட்டுவது

அதே 0.75 ஒயரில் 9.6 ஆம்பியர் ஓடும்போது ஒயருக்குள் உண்டாகும் வெப்பம் 144 வாட். பழைய 60 வாட் பல்பு இரண்டைவிட அதிகம். 30 மீட்டரும் தரையில் பரவிக் கிடந்தால் கையில் லேசான சூடுதான் தெரியும். டிரம்மில் சுற்றியபடியே இருந்தால் அத்தனையும் ஒரே உருண்டைக்குள். பிவிசி காப்பு தாங்கும் சூடு 70 டிகிரி. நடு அடுக்குகள் அதைத் தாண்டி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளேயே ஷார்ட் ஆகும். வெளிச் சுற்றைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் நடப்பது தெரியாது. நல்ல டிரம்மில் சுற்றிய நிலையில் எவ்வளவு, முழுதும் விரித்த நிலையில் எவ்வளவு என்று இரண்டு அளவுகள் அச்சிட்டிருப்பார்கள்.

சுருளாக இருந்தால் காந்தம் உண்டாகிச் சூடாகும் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது இல்லை. போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒரே உறைக்குள் எதிரெதிராக ஓடுவதால் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லை என்பதே காரணம்.

## எதை வாங்குவது, எப்படிப் போடுவது

வழியில் தொலைவது 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தேர்வு எளிது.

1. 850 வாட் வரையிலான ட்ரில், 4 அங்குல கிரைண்டர்: 30 மீட்டர் வரை 1 சதுர மில்லிமீட்டர். தளத்தில் இழுத்துப் புழங்குவதென்றால் 1.5 நீடிக்கும்.
2. 2000 வாட்டைத் தாண்டும் 7 அங்குல கிரைண்டர், கட்டிங் மெஷின்: 15 மீட்டருக்கு 1.5, 30 மீட்டருக்கு 2.5, 50 மீட்டருக்கு 4. ப்ளக்கும் சாக்கெட்டும் 16 ஆம்பியர்.
3. எல்லாமே மூன்று கோர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. இன்றைக்கு இரண்டு பின் ட்ரில் மட்டும்தானே என்று இரண்டு கோர் வாங்கினால், நாளைக்கு அதே ஒயரில் மோட்டாரைச் சொருகுவார்கள்.
4. கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பைக் பஸ்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ப்ளக் டாப் மாட்டும்போது உள்ளே எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது இழுத்து ஒயர் நழுவினால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் விடும், எர்த் கடைசியில். ஒயரின் வெளித்தோலைப் பிடிக்கும் கிளாம்ப்பை முடுக்காமல் விடுவதுதான் பாதிக் கோளாறுகளுக்கு வழி.

ப்ளக்கே இல்லாமல் ஒயர் முனைகளை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மெல்லிய பின் உள்ள டாப்பை அகலமான ஓட்டையில் சொருகுவதும் அதன் உறவுதான்: காண்டாக்ட் ஆடும், பொறி பறக்கும், சாக்கெட் கருகும்.

வேலைக்கு முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை. ஒயரை எதிலும் சொருகாமல், டாப்பின் எர்த் பின்னுக்கும் மறுமுனையில் பாக்ஸின் எர்த் ஓட்டைக்கும் இடையே தடையைப் பார்க்க வேண்டும். 30 மீட்டர் 1 சதுர ஒயரில் 0.6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். பார்க்கும்போதே ஒயரின் இரண்டு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. டெஸ்டரை இதற்கு நம்ப முடியாது. எர்த் இல்லாத கருவியின் உடம்பில் லேசான கசிவுக்கே அது எரியும்; உலர்ந்த பலகையில் நிற்பவர் கையில் உண்மையான ஃபேஸுக்கும் மங்கலாகத் தெரியும்.

வீட்டு போர்டில் ஆர்சிசிபி இல்லையென்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் 16 ஆம்பியர் எம்சிபியும் இரண்டு சாக்கெட்டும் வைத்த ஒரு பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்கலாம். அதை வைக்க வேண்டிய இடம் ஒயரின் தொடக்கத்தில், சுவர் ப்ளக் பக்கம். கருவிப் பக்கம் வைத்தால், கிரைண்டர் டிஸ்க் வெட்டக்கூடிய, தேங்கிய தண்ணீரில் கிடக்கக்கூடிய அந்த 30 மீட்டர் ஒயர் பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிடும்.

பிரிட்டனில் கட்டடத் தளங்களில் 230 வோல்ட்டை நேராகக் கையில் கொடுப்பதையே பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வழியாக 110 வோல்ட். அதன் நடுப்புள்ளி எர்த்தில் இருப்பதால் எந்தக் கம்பியைத் தொட்டாலும் தரைக்கு 55 வோல்ட்தான். நம் ஊரில் அந்த ஏற்பாடு வழக்கத்தில் இல்லை என்பதால் ஆர்சிசிபியின் மேல் விழும் பாரம் அதிகம்.

## ஜெனரேட்டரில் ஓட்டினால்

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பலவற்றில் சுருளின் எந்த முனையும் தரையோடு சேர்ந்திருக்காது. கரண்ட் மண் வழியாகத் திரும்பிப் போக இடமில்லை. அதனால் ஒரு கருவியில் கோளாறு வந்தாலும் ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஷாக்கும் அடிக்காது. பாதுகாப்பாகத் தோன்றும் இந்த நிலைமை, இரண்டாவது கருவியில் மற்றக் கம்பி உடம்பைத் தொடும்வரைதான். அப்புறம் இரண்டு மெஷினின் உடம்புக்கும் இடையே முழு வோல்டேஜ். இப்படிப்பட்ட ஜெனரேட்டரில் ஒரு நேரத்தில் ஒரே கருவி, அதுவும் இரட்டை இன்சுலேஷன் கருவி என்று வைத்துக்கொள்வது நல்லது. பல கருவிகள் ஓட வேண்டுமானால், ஒரு முனையை ஜெனரேட்டரின் உடம்போடும் எர்த் கம்பியோடும் இணைத்து, அதற்குப் பின் ஆர்சிசிபி வைக்க வேண்டும். அது விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

## ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால்

பல இடங்களில் ஆர்சிசிபி இருந்தும் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்: வேலை நடுவில் விழுகிறது, எரிச்சலில் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். விழுவதற்குக் காரணம் இருக்கும். வரிசையாகப் பார்த்தால் பிடிபடும்.

1. எல்லாக் கருவிகளையும் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கிப் பாருங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதில்தான் ஒழுக்கு. பெரும்பாலும் தண்ணீர் போன கட்டரோ, பழைய மோட்டாரோ இருக்கும்.
2. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சொருகியதுமே, கருவி இல்லாமலே விழுந்தால், ஒயரில் டேப் சுற்றிய இணைப்புகளைப் பாருங்கள். இன்சுலேஷன் டேப் தண்ணீரைத் தடுக்காது.
3. மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வெளிச்சுவர் சாக்கெட், மொட்டைமாடி லைட், போர் மோட்டார் பெட்டி.
4. எதையுமே சொருகாமல், ஏதோ ஒரு ரூமில் லைட் போட்டால் விழுகிறது என்றால், ஒயரிங்கில் ஒரு சர்க்யூட்டின் ஃபேஸுக்கு வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கொடுத்திருப்பார்கள். போவது ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்பதால் ஆர்சிசிபிக்குக் கணக்கு உதைக்கும். யாருக்கும் ஷாக் அடிக்காது, ஆனால் பிரித்துச் சரிசெய்யாமல் ஆர்சிசிபி நிற்காது.
5. ப்ளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போட்ட ஒயரும் கருவி ஓடத் தொடங்கியதும் ஆர்சிசிபியை விழவைக்கும். அந்த ஒயர் இதுவரை எத்தனை இடத்தில் ஓடியதோ, இங்கே வந்துதான் மாட்டியிருக்கிறது.